கடவுச்சொல் இட்ட இரண்டு ஆக்சஸ் தரவுத்தளங்களுக்கு இடையே அட்டவணைகளைக் கொண்டுவருவது எப்படி?

கேள்வியின் சாரம் இது. பாரிமுனையில் தலைமை அலுவலகமும் மாதவரத்தில் கிடங்கும் உள்ள ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தில் இரண்டு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் தரவுத்தளங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் வெவ்வேறு கடவுச்சொல். மாத முடிவில் கிடங்கின் கோப்பிலுள்ள வாடிக்கையாளர், பில், பில் விவரம் ஆகிய மூன்று அட்டவணைகளும் தலைமை அலுவலகக் கோப்புக்கு வந்து சேர வேண்டும். முன்பு ஒருவர் விபிஏ எனும் ஆக்சஸின் நிரல் மொழியில் எழுதிக் கொடுத்த நிரலில், கோப்புகளுக்கு இடையே அட்டவணைகளை மாற்றும் டிரான்ஸ்ஃபர்டேட்டாபேஸ் கட்டளை இருக்கிறது. கிடங்கின் கோப்புக்குக் கடவுச்சொல் இட்ட பிறகு அந்தக் கட்டளை 3031 என்ற பிழை எண்ணைக் காட்டி, கடவுச்சொல் செல்லாது என்று சொல்லி நின்றுவிடுகிறது. கடவுச்சொல்லை எடுத்துவிட்டு அட்டவணைகளை மாற்றிய பின் மறுபடி போட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: எடுக்க வேண்டாம். ஆக்சஸ் கோப்பின் கடவுச்சொல்லை நீக்கவோ இடவோ அந்தக் கோப்பை எக்ஸ்க்ளூசிவ் முறையில், அதாவது வேறு எவரும் திறந்திராத நிலையில், ஒருவர் மட்டும் திறக்க வேண்டும். பில் போட்டுக்கொண்டிருக்கும் கிடங்கில் மாதக் கடைசி நாளன்று எல்லோரையும் வெளியேறச் சொல்வது நடைமுறையில் கடினம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஏசிசிடிபி எனும் ஆக்சஸின் புதிய வகைக் கோப்பில் கடவுச்சொல் என்பது வெறும் வாசல் பூட்டு இல்லை. அதை இடும்போது கோப்பின் உள்ளடக்கமே மறையாக்கம் செய்யப்படுகிறது, அதாவது பிறர் படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றப்படுகிறது; நீக்கும்போது உள்ளடக்கம் முழுவதும் மறையில்லாமல் எழுதப்படுகிறது. அந்த இடைவெளியில் யாராவது பென் டிரைவில் ஒரு நகல் எடுத்திருந்தால், பிறகு நீங்கள் எவ்வளவு வலுவான கடவுச்சொல் போட்டாலும் அந்த நகலை அது காக்காது. வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணும் கடன் நிலுவையும் அடங்கிய அட்டவணைகளை அப்படித் திறந்து வைக்கக் கூடாது.

இப்போது பிழையின் காரணத்துக்கு வருகிறேன். டிரான்ஸ்ஃபர்டேட்டாபேஸ் கட்டளைக்கு எட்டு மதிப்புகளைத் தரலாம்: மாற்றும் திசை, தரவுத்தள வகை, கோப்பின் பாதை, பொருளின் வகை, மூலத்தின் பெயர், சேருமிடத்தின் பெயர், அமைப்பு மட்டும் போதுமா என்பது, கடைசியாக ஸ்டோர்லாகின் என்பது. இவற்றுள் கடவுச்சொல்லுக்கென்று ஓர் இடமே கிடையாது. ஸ்டோர்லாகின் என்ற பெயரைப் பார்த்துப் பலரும் அதில் ட்ரூ என்று கொடுத்துப் பார்க்கிறார்கள். அது ஓடிபிசி எனும் பொது இணைப்பு முறை வழியாக வேறொரு சேவையகத்தின் அட்டவணையை லிங்க் செய்யும்போது, அதாவது நகலெடுக்காமல் இணைத்து வைக்கும்போது, அதன் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சேமிப்பதற்கானது, இன்னொரு ஆக்சஸ் கோப்புக்கு அதனால் பயன் இல்லை. கோப்பின் பாதையோடு கடவுச்சொல்லை ஒட்டிக் கொடுப்பதும் உதவாது.

வழி என்னவென்றால், அந்தக் கட்டளைக்கு முன்பாகவே, அதே நிரலில், ஆக்சஸ் தரவைக் கையாளும் டிஏஓ நூலகத்தின் ஓபன்டேட்டாபேஸ் மூலம் கிடங்கின் கோப்பைக் கடவுச்சொல்லோடு திறந்து வைத்துவிடுவதுதான். ஓபன்டேட்டாபேஸுக்கு நான்கு மதிப்புகள். முதலாவது கோப்பின் முழுப் பாதை. இரண்டாவது எக்ஸ்க்ளூசிவாகத் திறக்க வேண்டுமா என்பது, அதற்கு ஃபால்ஸ். மூன்றாவது படிக்க மட்டுமா என்பது, அதற்கும் ஃபால்ஸ். நான்காவது இணைப்புச் சரம். அந்தச் சரத்தில் முதலில் ஓர் அரைப்புள்ளி, பிறகு பிடபிள்யூடி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், பிறகு சமக்குறி, அதையடுத்து இடைவெளி இல்லாமல் கடவுச்சொல். தொடக்கத்தில் இருக்கும் அரைப்புள்ளியை விட்டுவிடுவதுதான் இங்கே அதிகம் நேரும் பிழை. இப்படித் திறந்த தரவுத்தளத்தை ஒரு மாறியில் ஏந்திக்கொண்டு, அது திறந்திருக்கும்போதே பழைய டிரான்ஸ்ஃபர்டேட்டாபேஸ் வரியை ஓட்டினால், ஆக்சஸின் தரவு இயந்திரம் ஏற்கெனவே தன் அமர்வில் அனுமதி பெற்றுத் திறந்திருக்கும் கோப்பு என்பதால் மறுபடி கடவுச்சொல் கேட்காமல் அட்டவணையைக் கொடுத்துவிடுகிறது. மூன்று அட்டவணைகளும் வந்த பிறகு மாறியை குளோஸ் செய்து, நத்திங் ஆக்கிவிடுங்கள். இறக்குமதி, ஏற்றுமதி, லிங்க் ஆகிய மூன்றுக்கும் இதே முறைதான்.

இதில் இரண்டு கவனங்கள் உண்டு. மாறி உயிரோடு இருக்க வேண்டும்: ஒரு தனிச் செயல்கூற்றில் கோப்பைத் திறந்து, அந்தச் செயல்கூறு முடிந்தபின் வேறொன்றில் அட்டவணையை மாற்றினால், இடையில் மாறி மறைந்து கோப்பு மூடப்பட்டு, பழைய 3031 திரும்ப வரும். அடுத்தது, திறக்கும்போதும் மாற்றும்போதும் கோப்பின் பாதையை ஒரே மாறியிலிருந்து கொடுங்கள். ஓரிடத்தில் டிரைவ் எழுத்தோடும் மற்றோரிடத்தில் நெட்வொர்க் பெயரோடும் எழுதினால், அது ஒரே கோப்பா என்ற குழப்பத்துக்கு நீங்களே இடம் கொடுத்தவர் ஆவீர்கள்.

எந்தக் கோப்பிலிருந்து நிரலை ஓட்டுவது என்பதிலும் எனக்குத் திடமான கருத்து உண்டு. சேருமிடமான தலைமை அலுவலகக் கோப்பைத் திறந்துகொண்டு, அங்கிருந்து கிடங்கின் தரவை இழுப்பதே நல்லது. கிடங்கிலிருந்து தள்ளுவது அவ்வளவு நல்லதல்ல. இழுக்கும்போது தலைமைக் கோப்பின் கடவுச்சொல்லை நீங்கள் கைப்பட அளித்துத்தான் உள்ளே வந்திருப்பீர்கள். எனவே நிரலுக்குத் தேவைப்படுவது கிடங்கின் கடவுச்சொல் ஒன்றுதான். தவறு நேர்ந்தாலும் கெடுவது உங்கள் கண் முன்னால் இருக்கும் கோப்பு, தொலைவில் இருப்பது அல்ல. இரண்டையும் மூன்றாவது ஒரு நிரலிலிருந்து இயக்கத்தான் வேண்டும் என்றால், ஆக்சஸை ஆட்டோமேஷன் வழியாகத் தொடங்கி ஓபன்கரண்ட்டேட்டாபேஸ் முறையைப் பயன்படுத்துங்கள். அதன் மூன்றாவது மதிப்பாகக் கடவுச்சொல்லையே கொடுக்கலாம்.

நிரல் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு முறை செய்தால் போதும் என்பவர்களுக்கு, எக்ஸ்டர்னல் டேட்டா பட்டையில் நியூ டேட்டா சோர்ஸ், ஃப்ரம் டேட்டாபேஸ், ஆக்சஸ் என்று போனால் இறக்குமதிப் பெட்டி கடவுச்சொல்லைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்தப் பெட்டியின் ஆப்ஷன்ஸ் பொத்தானுக்குள் ரிலேஷன்ஷிப்ஸ் என்ற தேர்வும் இருக்கிறது.

மாதந்தோறும் செய்யும் வேலைக்கு டிரான்ஸ்ஃபர்டேட்டாபேஸைவிட எஸ்கியூஎல் எனும் வினவல் மொழியின் வழியையே நான் பரிந்துரைப்பேன். இறக்குமதி செய்யும்போது அதே பெயரில் அட்டவணை ஏற்கெனவே இருந்தால், ஆக்சஸ் அதோடு சேர்க்காது. பெயரின் கடைசியில் 1 என்று ஓர் எண்ணை ஒட்டிப் புதிய அட்டவணையாக வைத்துவிடும். ஒவ்வொரு மாதமும் புதிதாக ஒன்று முளைத்துக்கொண்டே இருக்கும். எஸ்கியூஎல்லில் இன்செர்ட் இன்டூ என்று உங்கள் அட்டவணையைச் சொல்லி, செலக்ட் பகுதியில் ஃப்ரம் என்பதற்குப் பின் சதுர அடைப்புக்குறி ஒன்றைத் திறந்து, எம்எஸ் ஆக்சஸ் என்றும், அரைப்புள்ளி இட்டு, பிடபிள்யூடி சமக்குறி கடவுச்சொல் என்றும், மறுபடி அரைப்புள்ளி இட்டு, டேட்டாபேஸ் சமக்குறி கோப்பின் முழுப் பாதை என்றும் எழுதி, அடைப்புக்குறியை மூடி, ஒரு புள்ளி வைத்து, மூல அட்டவணையின் பெயரை எழுத வேண்டும். அவ்வளவுதான், தனியாக எந்தக் கோப்பையும் திறந்து வைக்க வேண்டியதில்லை. வேர் எனும் வடிகட்டும் நிபந்தனையைச் சேர்த்து அந்த மாதத்துப் பில்களை மட்டும் கேட்கலாம். இந்த வழியில் கடவுச்சொல்லுக்குள் அரைப்புள்ளியோ சதுர அடைப்புக்குறியோ இருக்கக் கூடாது. இருந்தால் சரம் நடுவில் உடைந்து, சரியான கடவுச்சொல்லும் தவறானதாகவே போய்ச் சேரும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் முக்கியம்.

கடவுச்சொல் சிக்கல் இத்துடன் தீர்ந்தது. ஆனால் இந்த வேலையில் அலுவலகங்களைப் பெரிதும் வருத்துவது கடவுச்சொல் அல்ல. வரிசைகள் வந்து சேர்ந்தபின், அவற்றோடு சேர்ந்து வந்திருக்க வேண்டியவை வரவில்லை என்பது சில மாதங்கள் கழித்துத் தெரியவருவதுதான். செலக்ட் இன்டூ என்று எழுதி ஒரே வரியில் புதிய அட்டவணை உருவாக்கும் முறையைப் பலரும் விரும்புகிறார்கள். அதில் புலங்களின் பெயரும் வகையும் அளவும் தரவும் வரும். ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீ வராது, இண்டெக்ஸ்கள் வரா, இயல்பு மதிப்பும் சரிபார்ப்பு விதியும் வரா. அன்றைக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். பிறகு ஒரே பில் எண் இரண்டு முறை நுழையும், யாரும் தடுக்க மாட்டார்கள். டிரான்ஸ்ஃபர்டேட்டாபேஸ் வழியாக இறக்குமதி செய்தால் கீயும் இண்டெக்ஸும் புலப் பண்புகளும் வந்துவிடும். அட்டவணைகளுக்கு இடையிலான உறவுகளை மட்டும் நீங்கள் ரிலேஷன்ஷிப்ஸ் திரையில் மறுபடி வரைய வேண்டியிருக்கும். ஆகவே நல்ல சேர்க்கை இது: முதல் முறை மட்டும் அமைப்பு மட்டும் என்ற மதிப்புக்கு ட்ரூ கொடுத்து வெற்று அட்டவணைகளை டிரான்ஸ்ஃபர்டேட்டாபேஸால் கொண்டுவாருங்கள்; உறவுகளை வரையுங்கள்; அதன்பின் ஒவ்வொரு மாதமும் தரவை இன்செர்ட் இன்டூவால் நிரப்புங்கள். அட்டாச்மென்ட் வகைப் புலமோ பல மதிப்புப் புலமோ உங்கள் அட்டவணையில் இருந்தால் இன்செர்ட் இன்டூ அதை ஏற்காது. அந்த அட்டவணையை மட்டும் முழுதாக இறக்குமதி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது ஆட்டோநம்பர், அதாவது ஒவ்வொரு வரிசைக்கும் ஆக்சஸ் தானாக வழங்கும் எண். உங்கள் விஷயத்தில் எல்லாவற்றிலும் கடினமான பகுதி இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கிடங்கில் 57ஆம் எண் வாடிக்கையாளர் ஒரு கடை. தலைமை அலுவலகத்தில் 57ஆம் எண் வேறொரு கடை. இரண்டு கோப்புகளும் தனித்தனியே ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியதால் இப்படி மோதுவதைத் தவிர்க்க முடியாது. இன்செர்ட் இன்டூ மூலம் ஆட்டோநம்பர் புலத்துக்கே பழைய எண்ணை நேரடியாகக் கொடுக்க ஆக்சஸ் அனுமதிக்கும். மோதல் இல்லாத இடத்தில் அது வசதி, உங்களைப் போன்ற நிலையில் அது ஆபத்து. எனவே பழைய எண்ணை ஆட்டோநம்பர் புலத்துக்குள் திணிக்காமல், தலைமை அலுவலகத்தின் வாடிக்கையாளர், பில் ஆகிய அட்டவணைகளில் இரண்டு புலங்களைக் கூடுதலாக வையுங்கள்: ஒன்று கிளைக் குறியீடு, மற்றொன்று அந்தக் கிளையில் அதற்கு இருந்த எண். இரண்டும் சேர்ந்து திரும்ப வராதபடி ஒரு யூனிக் இண்டெக்ஸ் போட்டுவிடுங்கள்.

பிறகு வரிசை முறை. முதலில் வாடிக்கையாளர்களைச் சேர்க்க வேண்டும். தலைமை அலுவலகம் தானாகப் புது எண் வழங்கும், பழைய எண் பக்கத்துப் புலத்தில் பதிந்திருக்கும். அடுத்துப் பில்களைச் சேர்க்கும்போது, கிடங்கின் பில்லில் இருக்கும் வாடிக்கையாளர் எண்ணை அப்படியே எடுக்காமல், புதிய வாடிக்கையாளர் அட்டவணையோடு கிளைக் குறியீட்டையும் பழைய எண்ணையும் கொண்டு இன்னர் ஜாயின் செய்து, அதாவது பொருந்தும் வரிசைகளை இணைத்து, புது எண்ணை எடுத்து எழுத வேண்டும். பில் விவரத்துக்கும் இதே முறை. அங்கே ஜாயின் பில் அட்டவணையோடு. இந்த ஒழுங்கை மாற்றி விவரத்தை முதலில் சேர்க்க முயன்றால், உறவில் ரெஃபரன்ஷியல் இன்டெக்ரிட்டி (தாய் வரிசை இல்லாததைத் தடுக்கும் விதி) போட்டிருக்கும் பட்சத்தில் ஆக்சஸ் மறுத்துவிடும். போடாத பட்சத்தில் மறுக்காது, தாயில்லாத விவர வரிசைகளை ஏற்றுக்கொள்ளும். அது இன்னும் மோசம்.

இரு இடத்திலும் வாங்கும் ஒரே கடை இருமுறை வந்துவிடுமே என்று நீங்கள் நினைக்கலாம். கடைப் பெயரை வைத்து ஒப்பிடாதீர்கள். ஒருவர் ஸ்ரீ சேர்த்துத் தட்டச்சு செய்வார், இன்னொருவர் சேர்க்க மாட்டார், ஒருவர் புள்ளி வைப்பார். மருந்துக் கடைகள் பெரும்பாலும் ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் என்பதால், தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும் அந்தப் 15 இலக்கப் பதிவெண்ணைக் கொண்டு ஒப்பிடுங்கள். எண் ஏற்கெனவே தலைமை அலுவலகத்தில் இருந்தால் புது வரிசை சேர்க்காமல், கிளைக் குறியீட்டையும் பழைய எண்ணையும் தலைமையின் எண்ணோடு பொருத்திக் காட்டும் சிறிய இணைப்பு அட்டவணை ஒன்றில் பதிந்துகொள்வதே முறை. அப்படி இணைப்பு அட்டவணை வைப்பதாக இருந்தால், நான் முன்பு சொன்ன இரண்டு புலங்களையும் வாடிக்கையாளர் அட்டவணையில் வைக்காமல் அதிலேயே வைத்துவிடலாம். ஜாயினும் அதனோடு நடக்கும்.

மேலும், ஏற்கெனவே வந்துவிட்ட பில்லைக் கிடங்கில் பின்னர் திருத்தினாலோ ரத்து செய்தாலோ, புதியவற்றை மட்டும் சேர்க்கும் குவெரிக்கு (எஸ்கியூஎல் கட்டளைக்கு) அது தெரியவே தெரியாது. கிடங்கின் பில் அட்டவணையில் கடைசியாக மாற்றிய தேதியும் நேரமும் பதியும் ஒரு புலம் இருந்தால், அதை வைத்து அப்டேட் குவெரி ஒன்றையும் மாதாமாதம் ஓட்டலாம். அந்தப் புலம் இல்லையென்றால் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

குவெரியை எப்படி ஓட்டுவது என்பதிலும் ஒரு முக்கியச் செய்தி இருக்கிறது. டிஏஓவின் எக்ஸிக்யூட் முறையை டிபிஃபெயில்ஆன்எரர் என்ற தேர்வு இல்லாமல் அழைத்தால், கீ மோதலாலோ விதி மீறலாலோ சேராத வரிசைகளை ஆக்சஸ் ஓசையின்றி விட்டுவிட்டு மற்றவற்றைச் சேர்த்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. கணக்கில் சில பில்கள் காணாமல் போவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. அந்தத் தேர்வை எப்போதும் கொடுங்கள். அப்போது ஒரு வரிசை சேராவிட்டாலும் அந்த குவெரி முழுவதும் திரும்பப் பெறப்பட்டுப் பிழை எழும். மூன்று குவெரிகளையும் ஒர்க்ஸ்பேஸின் பிகின்டிரான்ஸுக்கும் கமிட்டிரான்ஸுக்கும் நடுவில் வைத்தால், மூன்றாவது தோற்கும்போது முதல் இரண்டையும் ரோல்பேக் செய்து திரும்பப் பெற்றுவிடலாம். அப்படிச் செய்யும்போது வரிசைகள் மிக அதிகமாக இருந்தால் 3052 என்ற பிழை வரக்கூடும். ஒரு கோப்பில் ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய பூட்டுகளின் இயல்பு வரம்பு 9500 என்பதுதான் காரணம். டிபிஇன்ஜினின் செட்ஆப்ஷன் மூலம் அந்த அமர்வுக்கு மட்டும் வரம்பை உயர்த்திக்கொள்ளலாம்.

சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் செல்லாது என்றே வருவதும் உண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் மறையாக்க முறையில் இருக்கும். ஆக்சஸ் 2007இல் ஏசிசிடிபி வடிவம் வந்தது. 2010இல் மறையாக்கம் வலுப்படுத்தப்பட்டது. ஆக்சஸின் உள்ளிருந்து திறக்கும்போது இது தெரியாது. வெளியே ஏடிஓ எனும் மற்றொரு தரவு நூலகம் வழியாகவோ வேறு நிரல் வழியாகவோ அதே கோப்பைத் திறக்கும்போது சில இணைப்பிகள் புதிய முறையைப் புரிந்துகொள்ளாமல், கடவுச்சொல் தவறு என்று சொல்லிவிடும். ஆக்சஸ் ஆப்ஷன்ஸில் கிளையன்ட் செட்டிங்ஸ், அதில் அட்வான்ஸ்ட் என்ற பகுதிக்குப் போனால் என்கிரிப்ஷன் மெத்தட் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். லெகசி என்பதைத் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல்லை ஒருமுறை நீக்கி மறுபடி இட்டால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். லெகசி முறை வலுவில் குறைந்தது. டிஏஓ வழியிலேயே வேலை முடிகிற உங்களுக்கு இது தேவைப்படாது. தேவைப்படாத இடத்தில் இதைத் தொட வேண்டாம்.

உங்கள் கோப்புகள் ஏசிசிடிபியா, பழைய எம்டிபியா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. எம்டிபியில் கடவுச்சொல் கோப்பின் தலைப்பகுதியில் இருக்கும் ஒரு பூட்டு மட்டுமே; உள்ளே இருக்கும் தரவு அதனால் மறைக்கப்படுவதில்லை. வாடிக்கையாளர் விவரம் அடங்கிய கோப்பு இன்னும் எம்டிபியாக இருந்தால், வேறு எதற்கும் முன்பாக அதை ஏசிசிடிபியாக மாற்றுவதே என் முதல் ஆலோசனை. திறக்கும்போது கடவுச்சொல்லோடு பயனர் பெயரையும் கேட்டால், அது ஒர்க்குரூப் கோப்பு வழியான பயனர் பாதுகாப்பு. மேலே சொன்ன பிடபிள்யூடி முறை அதற்குப் பொருந்தாது, அங்கே பிழையும் அனுமதி இல்லை என்ற வகையில் வரும். ஏசிசிடிபியில் அந்தப் பயனர் பாதுகாப்பு முறையே கிடையாது.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சில செய்திகள் இருக்கின்றன. சென்னையில் பல அலுவலகங்களில் வாடிக்கையாளர் பெயரும் முகவரியும் இன்றும் பழைய எழுத்துரு முறைகளில், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த குறியீடுகளில், கிடக்கின்றன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் குறியீடுகளும் யூனிகோடு அல்லாத பழைய வகையே. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. ஆனால் அட்டவணைகள் தாமாக மாறிவிடுவதில்லை. அட்டவணையை ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது ஆக்சஸ் எழுத்துருக் குறியீட்டை யூனிகோடாக மாற்றித் தராது, இருந்தபடியே எடுத்துவரும். கிடங்கில் பழைய எழுத்துரு, தலைமை அலுவலகத்தில் யூனிகோடு என்றால், ஒரே அட்டவணையில் இரண்டும் கலந்து, தேடலும் அகர வரிசையும் பயனற்றுப் போகும். ஆகவே மாற்றும் வழியிலேயே ஓர் இடைநிலை அட்டவணையில் இறக்கி, யூனிகோடாக்கி, பிறகு சேருங்கள். அப்படி ஆக்கும்போது புலத்தின் நீளத்தையும் பாருங்கள். கோவிந்தசாமி என்பது நம் கணக்கில் ஆறு எழுத்து, ஆக்சஸின் கணக்கில் பதினொன்று, ஏனெனில் துணை எழுத்தும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. அளவு சிறியதாக இருந்தால் நீண்ட முகவரிகளின் வால் வெட்டுப்படும் அல்லது வரிசையே சேராது. சுருக்கமான உரைப் புலத்துக்கு 255 வரை இடம் உண்டு, தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

விபிஏ எழுதும் திரை யூனிகோடைக் காட்டாது என்பதும் இதோடு சேர்ந்தது. அட்டவணைக்கோ புலத்துக்கோ தமிழில் பெயர் வைக்க ஆக்சஸ் இடம் கொடுக்கும். அந்தப் பெயரை நிரலுக்குள் தட்டச்சு செய்தால் கேள்விக்குறிகளாக மாறிவிடும். கோப்புறையின் பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் இதே கதிதான். தமிழ்ப் பெயர் கட்டாயம் வேண்டும் என்றால் பெயர்களை ஒரு சிறிய அட்டவணையில் எழுதி வைத்து, நிரல் அங்கிருந்து படிக்குமாறு செய்யலாம். கடவுச்சொல்லை மட்டும் ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல்லை எங்கே வைப்பது? நிரலுக்குள் எழுதினால் நிரலைத் திறந்து பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும். எஸ்கியூஎல் சரத்தைச் சேமித்த குவெரியாக வைத்தால் அதிலும் தெரியும். கிடங்கின் அட்டவணையை நிரந்தரமாக லிங்க் செய்து வைத்தாலும் அதன் கனெக்ட் பண்பில் கடவுச்சொல் மறைப்பில்லாமல் பதிந்திருக்கும். ஆகவே லிங்க் உள்ள கோப்புக்குக் கடவுச்சொல் இல்லையென்றால், பின்னால் இருக்கும் கோப்பின் கடவுச்சொல்லுக்கு மதிப்பு இல்லை. மாதம் ஒருமுறை செய்கிற வேலை என்பதால், ஒரு சிறிய படிவத்தில் உரைப்பெட்டி வைத்து, அதன் இன்புட் மாஸ்க்கைப் பாஸ்வேர்ட் என்று அமைத்து, ஓட்டும் நேரத்தில் பொறுப்பாளரே தட்டச்சு செய்யுமாறு விடுங்கள். வேலை முடிந்ததும் பெட்டியைக் காலியாக்கிவிடலாம்.

மாதவரத்துக்கும் பாரிமுனைக்கும் நடுவில் இணையம் வழியாக நேரடியாகக் கோப்பைத் திறந்து இந்தக் குவெரிகளை ஓட்டுவதைத் தவிருங்கள். ஆக்சஸ் கோப்பு வேகமான உள்நெட்வொர்க்கை நம்பி அமைந்தது; எழுதும் நேரத்தில் இணைப்பு அறுந்தால் கோப்பே பழுதாகலாம். கிடங்கில் அனைவரும் வெளியேறியபின், கோப்பின் பக்கத்தில் தோன்றும் எல்ஏசிசிடிபி என்ற பூட்டுக் கோப்பு மறைந்துவிட்டதா என்று பார்த்து, கடவுச்சொல்லோடு இருக்கும் கோப்பையே அப்படியே நகலெடுத்துத் தலைமை அலுவலகத்தின் கணினிக்குக் கொண்டுவாருங்கள். ஜிப் செய்து அனுப்பினால் அளவு குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மறையாக்கம் செய்த கோப்பு பெரிதாகச் சுருங்காது. குவெரியை ஓட்டும் முன் தலைமைக் கோப்புக்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஆக்சஸ் கோப்பின் உச்ச அளவு 2 ஜிபி என்பதால், இடைநிலை அட்டவணைகளை அவ்வப்போது அழித்து, கம்பாக்ட் அண்ட் ரிப்பேர் செய்துகொள்வதும் தேவை.

முடிந்தபின் சரிபார்ப்பு. ரெக்கார்ட்ஸ் அஃபெக்டட் தரும் எண்ணும், கிடங்கின் கோப்பில் அதே நிபந்தனைக்கு வரும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணிக்கை மட்டும் போதாது. அந்த மாதத்துப் பில் தொகையின் கூட்டலையும், விவர அட்டவணையின் அளவு பெருக்கல் விலைக் கூட்டலையும் இரு பக்கமும் எடுத்து ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரிந்தால், கிடங்கின் பில்லை இடப்பக்கமும் தலைமையின் பில்லை வலப்பக்கமும் வைத்து, கிளைக் குறியீடு, பழைய எண் ஆகிய இரண்டாலும் லெஃப்ட் ஜாயின் செய்து, வலப்பக்கம் நல் ஆக, அதாவது மதிப்பின்றி வெற்றாக, இருப்பவற்றைக் கேளுங்கள். வராத பில்கள் எண்ணோடு முன்னால் வந்து நிற்கும். எல்லாம் பொருந்திய பிறகே கிடங்கிலிருந்து கொண்டுவந்த நகலை அந்தக் கணினியிலிருந்து அழியுங்கள்.